பனியன் சாலை – 8: எண்ணூர் இன்ஜினும் ஜாம்ஷெட்பூர் நட்சத்திரமும்

இதுவரை…

1862-ல் மதராஸையும் மேற்குக் கடற்கரையையும் இணைத்த ரயில் பாதை, திருப்பூரைப் பஞ்சுச் சந்தையாக்கியது. 1920-ல் ஜி.டி.நாயுடு பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தை ஓட்டிக் கொங்கு நாட்டுக்கு மோட்டார் ஆசையை மூட்டினார். 1925-ல் குலாம் காதர் தொடங்கிய ‘பேபி நிட்டிங்’, கையால் சுற்றும் இயந்திரங்களில் பனியன் துணி பின்னியது. மூட்டைகள் ரயிலடிக்கு மாட்டு வண்டியில் போய்க்கொண்டிருந்த காலம் முடிந்து, சாலைகளில் லாரிச் சத்தம் கேட்கத் தொடங்கியதோடு சென்ற வாரம் நிறுத்தினோம்.

இனி…

விட்டுப் போனவர்கள்

இரண்டாம் உலகப் போருக்காக இந்தியாவுக்குள் ஆயிரக்கணக்கில் லாரிகள் வந்திருந்தன. 1945-ல் போர் முடிந்தது. ராணுவத்துக்குத் தேவைப்படாத ஃபோர்டு, செவர்லே வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. கையில் கொஞ்சம் காசும் நெஞ்சில் கொஞ்சம் துணிச்சலும் உள்ளவர்கள் அவற்றை எடுத்தார்கள். பின்பக்கத்தை அறுத்து மரப் பலகை அடித்தால் சரக்கு லாரி தயார்.

ஆனால் அவை பெட்ரோல் வண்டிகள். மேடு ஏறினால் பெட்ரோலைக் குடித்தன. வாடகையில் பாதி டாங்கிக்குள் போனது. இதற்கு மதராஸில் ஒரு மாற்று கிடைத்தது. அனந்தராமகிருஷ்ணன் தலைமையில் இருந்த சிம்சன் கம்பெனி, இங்கிலாந்தின் பெர்கின்ஸ் நிறுவனத்தின் ‘பி6’ டீசல் இன்ஜினை 1950-களில் இங்கேயே தயாரித்தது. 1937-ல் பிறந்த பி6, பழைய பெட்ரோல் லாரிக்குள் இறக்கிப் பொருத்தத் தோதான இன்ஜின் என்று உலகெங்கும் பெயர் வாங்கியது. வண்டி அமெரிக்காவுடையது, இன்ஜின் இங்கிலாந்துடையது, பொருத்திய கை நம்மூர்க் கை. லாரி என்பது இன்ஜினும் உடம்பும் பிரித்துப் பார்க்கக்கூடிய இரண்டு சொத்துகள் என்பதை நம் பட்டறைகள் அந்தக் காலத்திலேயே கற்றுக்கொண்டன.

அப்போதுதான் டெல்லியிலிருந்து ஒரு செய்தி வந்தது.

ஃபோர்டு 1926-லும், ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லும் இந்தியாவில் கால் ஊன்றியவை. பெட்டி பெட்டியாகப் பாகங்களைக் கப்பலில் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்றன. 1953-ல் சுங்கவரி ஆணையம் ஒரு நிபந்தனையைப் பரிந்துரைத்தது: பூட்டி விற்பதோடு நிற்கும் கம்பெனிகளுக்கு இனி இடமில்லை, படிப்படியாகப் பாகங்களையும் இந்தியாவிலேயே தயாரிக்கும் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம். அரசு அதை ஏற்றுக்கொண்டது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின.

லாரிக்காரரின் இடத்திலிருந்து இதைப் பாருங்கள். நேற்று வரை ஊரெங்கும் ஓடிய வண்டி, இன்று பெற்றவர் இல்லாத பிள்ளை. பிஸ்டன் உடைந்தால் யாரிடம் போவது? கியர் பாக்ஸில் பல் போனால் எந்தப் பெட்டி கப்பலில் வரும்? வண்டியின் ஆயுள் அதன் இரும்பில் மட்டும் இல்லை, அதைச் செய்தவர் நாளைக்கும் இருப்பாரா என்பதிலும் இருக்கிறது. லாரித் தொழிலுக்கு 1953 கற்றுத் தந்த முதல் பாடம் இது.

பாடம் கற்றவர்கள் அடுத்த வண்டி வாங்கக் கிளம்பியபோது, அவர்கள் முன்னால் புதிதாக இரண்டு வாசல்கள் திறந்திருந்தன. ஒன்று மதராஸுக்கு வடக்கே எண்ணூரில். இன்னொன்று ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், ஜாம்ஷெட்பூரில்.

எண்ணூரில் பிறந்த காமெட்

எண்ணூர் வாசலைத் திறந்தவர் ரகுநந்தன் சரண். மோட்டார் தொழிலில் இறங்கும்படி அவரைத் தூண்டியவர் நேரு. 1948-ல், தன் மகன் அசோக்கின் பெயரில் ‘அசோக் மோட்டார்ஸ்’ தொடங்கினார். முதலில் பூட்டியது லாரியை அல்ல, ‘ஆஸ்டின் ஏ40’ காரை. ஆனால் நாட்டுக்கு உடனடித் தேவை காரல்ல, சரக்கு வண்டி என்று சரண் கணித்தார். இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனத்தோடு பேச்சு நடந்தது. 1950-ல் உடன்பாடு கண்டது. 1951-ல் முதல் ‘காமெட்’ சேசிஸ் எண்ணூரில் பூட்டப்பட்டது.

விதி அங்கே குறுக்கிட்டது. சரண் விமான விபத்தில் இறந்துபோனார். தொடங்கியவர் இல்லாத கம்பெனியைக் கைவிடாமல் நிறுத்தியவர்கள் மதராஸ் அரசும் மற்றப் பங்குதாரர்களும். லேலண்ட் பங்கு போட்டு உள்ளே வந்தது. 1955-ல் கம்பெனியின் பெயர் ‘அசோக் லேலண்ட்’ ஆனது.

ஜாம்ஷெட்பூர்க் கதை வேறு மாதிரி. 1945-ல் ரயில் இன்ஜின் செய்வதற்காக டாட்டாக்கள் தொடங்கிய ‘டெல்கோ’, 1954-ல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் போட்டது. அதே ஆண்டிலேயே முதல் லாரி வெளியே வந்தது. நெற்றியில் மூன்று முனை நட்சத்திரம். ‘டாட்டா மெர்சிடிஸ் பென்ஸ்’ என்ற நீளப் பெயரை நம் ஓட்டுநர்கள் ‘பென்ஸ் லாரி’ என்று சுருக்கிக்கொண்டார்கள்.

இரண்டிலும் ஆறு சிலிண்டர். ஆனால் குணம் வேறு. காமெட்டின் இன்ஜின் 350 கன அங்குலம், அதாவது 5.7 லிட்டருக்குச் சற்று மேல். நிதானமாகச் சுழன்று அழுத்தி இழுக்கும். தொடக்ககால பென்ஸ் இன்ஜின் சுமார் 4.6 லிட்டர்தான். அளவில் சிறியது, சுழற்சியில் வேகமானது. காதால் கேட்டே எந்த வண்டி வருகிறது என்று சொல்லிவிடும் அளவுக்கு இரண்டின் உறுமலும் வேறுபட்டன.

பெரிய இன்ஜின் மெதுவாகச் சுழன்றால் தேய்மானம் குறையும் என்றார்கள் ஒரு கட்சியார். சின்ன இன்ஜின் டீசலைச் சிக்கனமாகக் குடிக்கும் என்றார்கள் மறு கட்சியார். இன்றுவரை தீராத வழக்கின் முதல் வாய்தா அதுதான்.

சாமான் கிடைக்கும் தூரம்

திருப்பூரிலிருந்து எண்ணூருக்கு ஏறத்தாழ 480 கிலோமீட்டர். லாரிக்கு ஒரு ராத்திரிப் பயணம். இந்தத் தூரம் கொங்கு நாட்டு லாரிக்காரர்களின் மனதில் எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்பதை எந்த விளம்பரமும் சொல்லவில்லை.

லேலண்டைச் சுற்றி மதராஸில் ஒரு பாக உலகமே வளர்ந்தது. இந்தியா பிஸ்டன்ஸ் 1949-ல் வந்தது. பிரேக்குக்கு 1962-ல் சுந்தரம் கிளேட்டன். டி.வி.எஸ். குழுமம் வண்டி விற்பனையிலும் உதிரிபாக வியாபாரத்திலும் ஊர் ஊராகப் பரவியிருந்தது. டீசல் பம்புக்கும் நாசிலுக்கும் பெங்களூரில் மைக்கோ. பாகம் எதுவானாலும் பஸ்ஸில் பார்சலாகப் போட்டால் மறுநாள் காலை கைக்கு வந்துவிடும்.

பணத்துக்கும் வழி பிறந்தது. 1954-ல் டி.எஸ்.சந்தானம் மதராஸில் சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கினார். முழுப் பணமும் கையில் இல்லாதவரும் தவணையில் லாரி முதலாளி ஆகலாம் என்ற நிலை வந்தது. தவணைக்கு வாங்கிய வண்டி ஒரு வாரம் பட்டறையில் நின்றால் என்ன ஆகும்? வட்டி நிற்காது. ஓட்டுநர் படி நிற்காது. பாகம் வர எத்தனை நாள் என்ற கேள்விதான் அந்த லாரிக்காரருக்கு இன்ஜினின் உண்மையான விலை.

அதனால் தெற்கே லேலண்ட் வேரூன்றியது, வடக்கே டாட்டா. நாட்டின் இரு பாதிகளில் இரு பெயர்கள் ஓங்கியதற்கு இன்ஜின் தரம் மட்டும் காரணமில்லை. ஜாம்ஷெட்பூருக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு டாட்டா சாமான் எளிது, நமக்கு எண்ணூர்ச் சாமான் எளிது.

இந்தக் கணக்கு அப்படியே நிலைத்திருக்கும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தபோது 1969 வந்தது. பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் முடிந்தது. பென்ஸ் லாரியின் நெற்றியிலிருந்து நட்சத்திரம் இறங்கியது. அந்த இடத்தில் டாட்டாவின் ‘டி’ ஏறியது. ஜெர்மன்காரர் போய்விட்டார். 1953 திரும்ப வருகிறதா?

தாய்வீடு போன பிறகு

வரவில்லை. டாட்டா அதே அடித்தளத்தில் தன் கையால் இன்ஜினைச் செய்துகொண்டே இருந்தது. பின்னாளில் ஊர் ஊராகப் புகழ்பெற்ற ‘697’ அந்தப் பரம்பரையில் வந்ததுதான். ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றின் குறுக்களவும் 97 மில்லிமீட்டர். அதன் நான்கு சிலிண்டர்த் தம்பி ‘497’. இரண்டுக்கும் பிஸ்டன் ஓட்டம் ஒன்றே, 128 மில்லிமீட்டர். ஒரு குடும்பத்தின் இரண்டு இன்ஜின்களையும் ஒரே பழக்கத்தில் கழற்றிப் பூட்டலாம் என்பது மேஸ்திரிகளுக்குப் பெரிய வசதி.

எண்ணூரின் நிலைமை இன்னும் விசித்திரமானது. லேலண்டோடு இருந்த தொழில்நுட்ப ஒப்பந்தம் 1975-ல் முடிந்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் பிரிட்டிஷ் லேலண்ட் நஷ்டத்தில் மூழ்கி அரசுடைமையாயிற்று. 1987-ல் அங்கிருந்த லாரிப் பிரிவு டச்சு நிறுவனமான டாஃபோடு இணைந்தது. எண்ணூர்ப் பங்குகள் இந்துஜா குழுமம், இத்தாலியின் இவெகோ கூட்டணியிடம் வந்தன. இன்று இங்கிலாந்தின் லேலண்ட் ஊரில் லாரித் தொழிற்சாலை ஓடுகிறது. ஆனால் அதிலிருந்து இறங்கும் லாரிகளின் முகத்தில் டாஃப் என்றுதான் எழுதியிருக்கிறது. லேலண்ட் என்ற பெயரைப் பிறந்த ஊர் லாரிகள் இழந்துவிட்டன. எண்ணூரிலும் ஓசூரிலும் செய்த லாரிகள் அதைச் சுமந்துகொண்டு சங்ககிரி மேட்டில் ஏறிக்கொண்டிருக்கின்றன.

தாய்க் கம்பெனி போனபிறகும் பிள்ளை எப்படிப் பிழைத்தது? இரண்டு காரணங்கள். ஒன்று, 1953-ல் அரசு போட்ட அந்த நிபந்தனை. பாகங்களை இங்கேயே செய்யக் கட்டாயப்படுத்தியதால், வெளிநாட்டுக்காரர் கிளம்பும்போது தொழிலைக் கையோடு எடுத்துப் போக முடியவில்லை. பழைய லாரிக்காரர்களை அநாதையாக்கிய அதே முடிவு, அடுத்த தலைமுறையைக் காப்பாற்றியது.

இரண்டாவது காரணம் பட்டறைக் கை. 1972-ல் கோவையைத் தலைமையிடமாகக் கொண்டு சேரன் போக்குவரத்துக் கழகம் உருவானது. 1931-ல் நாச்சிமுத்து கவுண்டர் பொள்ளாச்சியில் தொடங்கிய ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட்டின் பேருந்துகள் அரசுடைமையாகி அதன் அடித்தளமாயின. தமிழக அரசுப் பேருந்துகளில் பெரும்பங்கு லேலண்ட். ஒரே வகை இன்ஜினை நாள்தோறும் பிரித்து, கழுவி, அளந்து, பூட்டும் டிப்போ ஒவ்வொன்றும் ஒரு பள்ளிக்கூடம். அங்கே பழகிய கைகள் தனிப்பட்டறை வைத்தபோது லாரிக்காரர்கள் அந்தக் கைகளைத் தேடிப் போனார்கள்.

சுற்றுவட்டாரமே லாரியால் எழுந்தது. சங்ககிரியில் சிமென்ட் ஆலை வந்தபின் லாரிகள் பெருகின. நாமக்கல் பாடி கட்டியது, டேங்கர் ஓட்டியது. கரூர் பஸ்ஸுக்குக் கூடு கட்டியது. திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளை இந்தியா முழுக்க அனுப்பியது. மானாவாரி நிலம் ஏமாற்றிய குடும்பங்கள், நிலத்தை அடகு வைத்து ஸ்டியரிங்கைப் பிடித்தன. ஆகவே லாரி என்பது இங்கே வெறும் வாகனமல்ல. இடம்பெயர்ந்து ஓடும் காணி. காணிக்கு உரியவர் மண்ணைப் பற்றி வாதிடுவதுபோலத்தான் இவர்கள் இன்ஜினைப் பற்றி வாதிட்டார்கள்.

அந்த வாதத்தைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்போம்.

பட்டறை வாசல் வழக்கு

எண்பதுகளின் திருப்பூர். தாராபுரம் சாலைப் பக்கம் ஏதோ ஒரு பட்டறை. எத்தனையோ வாசல்களில் எத்தனையோ முறை நடந்த பேச்சுதான், ஆகவே ஆள் பெயர் வேண்டாம். ஒருவர் லேலண்ட் கட்சி, இன்னொருவர் அவருக்கு மாப்பிள்ளை முறை, டாட்டா கட்சி. நடுவில் கை முழுக்கக் கிரீஸோடு மேஸ்திரி.

“ஏனுங் மாமா, புது வண்டி எடுக்கறீங்கன்னு சொன்னாங்க. மறுக்காவும் லேலண்டுதானுங்களா?”

“பின்ன? என்ற அய்யன் காமெட்டு ஓட்டுனவரு. கை மாத்தி வெக்க மனசு வருமா மாப்ள?”

“மனசு இருக்கட்டுங். டீசல் கணக்கைப் பாருங். லிட்டருக்கு அரைக் கிலோமீட்டர் சேத்தி வந்தா வருசத்துக்கு எத்தனை மிச்சம்னு ரோசனை பண்ணுங்.”

“திம்பத்துல இருவத்தேழு வளைவு இருக்குது. லோடோட ஏறிப் பாரு, அப்பறம் கணக்குச் சொல்லு. என்ற வண்டி சோர்ந்து நின்னதில்ல.”

“சரிங், நாக்பூருக்கு அக்கட்ட பம்பு போச்சுன்னா என்ன பண்ணுவீங்? டாட்டாவுக்குன்னா சின்ன ஊர்லகூடச் சாமான் கெடைக்கும், மேஸ்திரியும் கெடைப்பான்.”

“என்ற வண்டி நாக்பூருக்கு எதுக்குப் போகுது? மெட்ராஸ் போகும், தூத்துக்குடி போகும். வழி நெடுக லேலண்டு மேஸ்திரி இருக்கறான்.”

“போன வண்டி அஞ்சு லட்சம் ஓடியும் ஹெட்டுக் கழட்டலைங் மாமா.”

“மீட்டர் கேபிள் அறுந்த வண்டிக்கு அஞ்சு லட்சம்னு எவன் எண்ணுனான்? என்றது கிராங்க் இன்னும் ஸ்டாண்டர்டு சைஸ்ல நிக்குது. அதைச் சொல்லு.”

மேஸ்திரி நிமிர்ந்து பார்க்கிறார்.

“ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க. ஆயில் எந்தத் தேதிக்கு மாத்துனீங்கன்னு சொல்லுங்க. இன்ஜின் ஆயுசை நாஞ் சொல்றேன்.”

யார் சொல்வது சரி?

மூவரும் சொல்வது சரி. எப்படி என்று பார்க்க இன்ஜினுக்குள் கொஞ்சம் இறங்க வேண்டும்.

டீசல் இன்ஜினின் ஆயுள் பெரும்பாலும் லைனர், பிஸ்டன் ரிங், பேரிங் இந்த மூன்றின் தேய்மானத்தில் தீர்மானமாகிறது. லைனர் என்பது பிஸ்டன் ஏறி இறங்கும் உருளைச் சுவர். அதில் ஆயில் படலம் இருக்கும்வரை இரும்பும் இரும்பும் நேராக உரசாது. ஏர் ஃபில்டர் அடைத்தோ கிழிந்தோ தூசி உள்ளே போனால், அந்தத் தூசி உப்புத்தாள்போல் லைனரைத் தேய்த்துவிடும். பஞ்சு அரவை வளாகங்களில் நின்று லோடு ஏற்றும் வண்டிக்கு இன்னொரு தொல்லை உண்டு: ரேடியேட்டர் இடுக்குகளில் பஞ்சிழை அடைத்தால் காற்றுப் போகாது, இன்ஜின் சூடேறும், ஹெட் கேஸ்கெட் போகும். இதில் எந்தக் கம்பெனி பெயரும் கணக்கில் வராது.

பழைய தலைமுறை இன்ஜின்களின் பெருமை, தேயாமல் இருந்ததல்ல. தேய்ந்தபின் மீண்டும் எழுந்ததுதான். லைனரை உருவி மாற்றலாம். கிராங்கைச் சாணை பிடித்து ‘பத்து சைஸ்’, ‘இருபது சைஸ்’ என்று அடுத்தடுத்த பேரிங் போடலாம். ஒரு இன்ஜின் இரண்டு மூன்று முறை பிறக்கும். பழைய வண்டி வாங்க வருபவர் பெயின்ட்டைப் பார்க்காமல் “கிராங்க் என்ன சைஸுல நிக்குது?” என்று கேட்டது இதனால்தான். அந்த ஒரு பதிலில் வண்டியின் முழு வரலாறும் இருக்கிறது.

ஓட்டும் வழி இன்னும் முக்கியம். திருப்பூர்ச் சரக்கு இரண்டு துருவம். பனியன் பெட்டியும் பஞ்சும் இடத்தை அடைக்கும், எடை ஏறாது. பாடி நிரம்பிய பிறகும் இன்ஜினுக்குச் சுமை குறைவு. தண்ணீர் அப்படி அல்ல. சாயப்பட்டறைகள் பெருகியபின் சுற்றுக் கிராமத்துக் கிணறுகளிலிருந்து தண்ணீர் லாரிகள் இரவும் பகலும் ஓடின. 12,000 லிட்டர் தொட்டி என்றால் தண்ணீர் மட்டும் 12 டன். கிணற்றடியிலிருந்து மண் பாதையில் முதல் கியரில் ஏறி, பட்டறை வாசலில் வரிசையில் நின்று, மறுபடி ஓடும் வண்டி அது.

ஆகவே கிலோமீட்டரை மட்டும் வைத்து இன்ஜினை எடை போட்டால் கணக்குத் தப்பும். ஊருக்குள் மணிக்குச் சராசரி 20 கிலோமீட்டர் ஓடும் வண்டி 1 லட்சம் கிலோமீட்டரைத் தொடும்போது அதன் இன்ஜின் 5,000 மணி நேரம் உழைத்திருக்கும். நெடுஞ்சாலையில் மணிக்கு 50 ஓடும் வண்டி அதே 5,000 மணி நேரத்தில் 2.5 லட்சத்தைத் தொட்டுவிடும். உழைப்பு ஒன்றே, மீட்டர் இரண்டு கதை சொல்கிறது. போதாக்குறைக்கு, அடிக்கடி நிறுத்தி எடுக்கும் இன்ஜின் குளிர்ந்த நிலையில் பலமுறை புறப்படுகிறது. ஆயில் மேலே ஏறிச் சேரும் அந்தச் சில நொடிகளில் தேய்மானம் அதிகம். நெடுந்தூர வண்டிக்கு அந்தத் தொல்லை குறைவு.

மாமாவின் லேலண்ட் திம்பம் ஏறியதும் உண்மை. மாப்பிள்ளையின் டாட்டா நாக்பூரில் நிற்காததும் உண்மை. இரண்டு பேரும் ஓட்டிய சாலை வேறு, சுமந்த சரக்கு வேறு, நம்பிய மேஸ்திரி வேறு. ஒரே கேள்விக்கு இரண்டு பதில் சொல்வதாக அவர்கள் நினைத்தார்கள். உண்மையில் அவர்கள் முன்னால் இருந்தவை இரண்டு வேறு கேள்விகள்.

பிறகு இத்தனை ஆண்டுகள் பெயருக்காக ஏன் மல்லுக்கட்டினார்கள்? இந்தத் தொடரில் நான் திரும்பத் திரும்பக் காண்பது ஒன்றுதான்: இன்ஜின் பாதி ஆயுளைத் தொழிற்சாலையில் வாங்கி வருகிறது; மீதிப் பாதியைக் கொடுப்பது ஊர். ஆயிலை நாள் தவறாமல் மாற்றும் முதலாளி, ஏற்றத்தில் கியரை அடித்து இறக்காத ஓட்டுநர், ராத்திரி இரண்டு மணிக்குக் கதவு தட்டினாலும் எழுந்து வரும் சாமான் கடைக்காரர், வரவு எழுதிக்கொண்டு வேலையை முடித்துக் கொடுக்கும் மேஸ்திரி. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் எந்த நாட்டு இன்ஜினும் நிற்கும். “நான் லேலண்டுக்காரன்” என்று ஒருவர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னபோது, அவர் இந்தச் சங்கிலிக்குத்தான் விசுவாசம் சொன்னார். அது மூட விசுவாசமில்லை. நடுச்சாலையில் நின்ற இரவுகள் கற்றுக்கொடுத்த கணக்கு.

வட்டிக்குக் கொடுப்பவர்களும் இதே கணக்கைப் படித்தார்கள். 1979-ல் ஆர்.தியாகராஜனும் தோழர்களும் சென்னையில் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ், பழைய லாரி வாங்குபவருக்குக் கடன் கொடுத்து வளர்ந்தது. வங்கி வாசலை மிதிக்காத ஓட்டுநர், தான் ஓட்டிய வண்டிக்கே சொந்தக்காரர் ஆனார். பழைய லாரிக்கும் கடன் உண்டு என்றதும், மறுவிலை உள்ள பெயருக்கு மவுசு கூடியது. விற்றால் விலை போகும் என்பதால் வாங்கினார்கள். எல்லோரும் வாங்கியதால் விலை போனது. லேலண்ட், டாட்டா என்ற இரண்டு பெயர்களைத் தாண்டி மூன்றாமவர் நுழைய இடமே இல்லை என்று தோன்றியது.

நுழைந்தார்கள். ஒருவரல்ல, நால்வர்.

ஜப்பானிலிருந்து நால்வர்

1978-ல் வெரோனா என்ற இத்தாலிய வணிகர் மும்பை வியாபாரிகள் வழியாகத் திருப்பூருக்கு வந்தார். 1981-ல் ஐரோப்பியக் கடைத்தொடரான சி அண்ட் ஏ வந்தது. உள்நாட்டுப் பனியன் ஊர் ஏற்றுமதி ஊராகத் திரும்பியது. 1974 முதல் பெரிய துறைமுகமாகிவிட்ட தூத்துக்குடி பக்கத்தில் இருந்தது. கப்பல் தேதி என்ற புதுக் கடிகாரம் ஊருக்குள் ஓடத் தொடங்கியது.

இந்தக் கடிகாரம் பெரிய லாரியை மட்டும் ஓட்டவில்லை. ஒரு டி-ஷர்ட் முழுதாவதற்குள் துணி எத்தனை வாசல் ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள்: நூல் கடையிலிருந்து நிட்டிங், அங்கிருந்து சாயப்பட்டறை, பிறகு காலண்டரிங், பிரிண்டிங், கட்டிங், தையல், பேக்கிங். ஒவ்வொன்றும் வேறு தெரு, வேறு முதலாளி. இரண்டு சந்து தாண்டித் துணி ரோலைக் கொண்டுபோகப் பத்து டன் லாரி எதற்கு? மூன்று சக்கர டெம்போவோ போதவில்லை. நடுவில் ஒரு வண்டி வேண்டியிருந்தது. விரைவாக, சிறிதாக, சந்தில் திரும்புவதாக.

எண்பதுகளின் நடுவில் மத்திய அரசு ஜப்பானியக் கூட்டணிகளுக்குக் கதவைத் திறந்தது. உத்தரப்பிரதேசத்தின் சூரஜ்பூரிலிருந்து டி.சி.எம். டொயோட்டா. அன்றைய ஆந்திரத்தின் ஜாகீராபாத்திலிருந்து ஆல்வின் நிசான். மத்தியப்பிரதேசத்தின் பீதம்பூரிலிருந்து ஐஷர் மிட்சுபிஷி. பஞ்சாபிலிருந்து ஸ்வராஜ் மாஸ்டா. சத்தமில்லாத இன்ஜின், சாய்த்துத் தூக்கும் கேபின், கார்போல இருக்கும் ஸ்டியரிங். முப்பது ஆண்டுகளாக அதே முகத்தைப் பார்த்துப் பழகிய ஓட்டுநர்கள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள்.

எதிரே ஒரே ஒரு போட்டியாளர். புனேயில் டெல்கோ தன் சொந்த மூளையை நம்பி ஒரு சின்ன லாரியை வரைந்துகொண்டிருந்தது. 1986-ல் வெளிவரப்போகும் அதன் பெயர் 407.

இன்ஜின் நுட்பத்தில் உலகமே மெச்சிய ஜப்பானியர் நால்வர் ஒருபுறம், வெளிநாட்டுக் கைப்பிடி இல்லாத ஒரே ஒருவர் மறுபுறம். பந்தயம் கட்டச் சொன்னால் யார் பக்கம் கட்டியிருப்பீர்கள்?

பட்டறைக்காரர்கள் தீர்ப்புச் சொல்வதற்கு முன்பே, பனியன் என்ற சொல்லையே கேட்டிராத சிலர் அந்தப் பந்தயத்துக்குள் கை வைத்துவிட்டார்கள். 1985 செப்டம்பர் 22. நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் ஐந்து பணக்கார நாடுகளின் நிதியமைச்சர்கள் கூடினார்கள். அவர்கள் பேசியது டாலரையும் யென்னையும் பற்றி. கையெழுத்து ஆன மறுநாளிலிருந்து யென்னின் மதிப்பு ஏறத் தொடங்கியது. ஜப்பானிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த ஒவ்வொரு இன்ஜின் பாகத்தின் விலையும் கூடவே ஏறியது.

அந்த நால்வரில் எத்தனை பேர் தப்பினார்கள்? திருப்பூரின் காதர்பேட்டைச் சந்துக்குள் கடைசியில் துணி ரோலை ஏற்றிக்கொண்டு நுழைந்தது யாருடைய வண்டி?

அடுத்த வாரம்.

(பயணம் தொடரும்)